ஒடிந்த இறக்கைக்குள் ஒரு நெம்புகோல்

கண்ட்ரோல் லைன் என்று வழங்கும் கம்பிவழி மாதிரி விமானம், வட்டத்தின் நடுவே நிற்பவரின் கைப்பிடியோடு ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளால் பிணைக்கப்பட்டு, அவரையே சுற்றிப் பறப்பதாகும். 1.8 கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஐந்து நொடியில் ஒரு சுற்றை முடிப்பதோடு, தன் எடையைப் போல் மும்மடங்கு விசையோடு அவர் கையை இழுத்துக்கொண்டேயிருக்கிறது. கரணமும் எட்டு வடிவமும் போடும் சாகசப் போட்டியில், ஒவ்வொரு வடிவத்தின் அடிப்பகுதியும் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தை இவ்வேகத்தில் கடக்க ஒரு நொடியில் நூற்றில் ஆறு பங்கு போதும். காற்று திசைமாறிக் கம்பி ஒரு கணம் தளர்ந்தாலோ, விமானம் தலைகீழாய்ப் பறக்கையில் 'மேலே' என்று இழுத்தால் அது கீழே போகும் என்பதைக் கை மறந்தாலோ, மாதக்கணக்கான உழைப்பு அந்த இடைவெளியில் மண்ணில் குத்திவிடுகிறது.

இத்தகைய களங்களில் உழைப்போர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வயதினர். விபத்துக்குப் பின் அவர்கள் காட்டும் நிதானம் கூர்ந்து நோக்கத்தக்கது. எஞ்சின் சுழல்கிறதா என்று புரொப்பெல்லரைத் திருப்பிப் பார்ப்பதை அவர்கள் உறுதியாகத் தவிர்க்கிறார்கள். உள்ளே புகுந்த மண் ஒரே சுற்றில் சிலிண்டரையும் பேரிங்கையும் கீறிவிடும் என்பதால், எஞ்சின் பிரித்துக் கழுவப்பட்ட பின்னரே சுழற்றப்படுகிறது. புல்லில் சிதறிய சிம்புகள் விரல்நகம் அளவேயாயினும் பொறுக்கிச் சேர்க்கப்படுகின்றன. ஒடிந்த முனை செதில்செதிலாக இருந்தால் பசை பிடிக்கும் பரப்பு மிகுதி; அதனை உப்புத்தாளால் தேய்த்து நேராக்குபவர், முறிவு தந்த நல்ல பிடிமானத்தைத் தாமே அழித்துவிடுகிறார். இறக்கையின் ஒரு விலா நொறுங்கிப்போனால், மறுபுற இறக்கையில் அதே இடத்திலுள்ள விலாவே புதியதை வெட்டுவதற்கான அச்சு.

எனினும் கண்ணுக்குத் தெரியும் முறிவைக் காட்டிலும் ஆபத்தானது, கண்ணுக்குத் தெரியாத பெல்கிராங்க் ஆகும். இறக்கையின் நடுவில், உள்ளே பதிந்திருக்கும் உள்ளங்கையிலும் சிறிய இத்தகடு, ஓர் அச்சில் அசையும் நெம்புகோல். இரு கம்பிகளின் இழுப்பும் இதில் வந்து சேர்ந்து, ஒரு தண்டின் வழியாக வாலிலுள்ள எலிவேட்டர் என்னும் அசையும் பலகையை ஏற்றி இறக்குகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்று, 'யூ-கண்ட்ரோல்' என்ற பெயரில் நாடெங்கும் பரப்பினார். ஆயினும் 1955-இல் நடந்த வழக்கில், அதே மாநிலத்து ஓபா செயின்ட் கிளேர் வாக்கருக்கு முன்பே இத்தகைய நெம்புகோலால் விமானத்தைப் பறக்கவிட்டிருந்தது எடுத்துக்காட்டப்பட்டு, அக்காப்புரிமை நிலைக்காமல் போயிற்று. ஒரு வழக்கையே புரட்டிப்போட்ட இச்சிறு தகடு, விபத்துக்குப் பின் பலராலும் பார்க்கப்படாமலே விடப்படுகிறது. மோதலின் முழு அதிர்ச்சியும் அதன் அச்சைத் தாங்கும் ப்ளைவுட்டில் இறங்கியிருக்கக்கூடும். பசை விட்டிருந்தாலும் வெளித்தோல் அதை மூடி மறைத்துவிடும். ஆகவே, பழுதற்றுத் தோன்றும் இறக்கையின் நடுத்தோலைக் கத்தியால் அறுத்துத் திறந்து பார்ப்பதற்குக் கைவினைஞர் தயங்கலாகாது. தம் கையால் கட்டியவர் எங்கே அறுப்பதென்று அறிவார். கட்டி முடித்ததை விலைகொடுத்து வாங்கியவருக்கு அவ்வறிவு வாய்ப்பது அரிது என்பதே இக்கலையின் இன்றைய பெருங்குறை.

எரிபொருளில் கலக்கும் ஆமணக்கு எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய், மற்றொரு தடை. உலகிலேயே மிகுதியாக இந்தியாவில் விளையும் ஆமணக்கின் இந்த எண்ணெய் எஞ்சினைக் காக்கிறது. ஆனால் முறிவின் வழியே மரத்துக்குள் ஊறிவிட்டால் பசை ஒட்டாது. ஆல்கஹாலால் துடைத்து, சோளமாவைத் தூவி, அது உறிஞ்சிய எண்ணெயைத் தட்டி நீக்கி, மீண்டும் தூவுதல் வழக்கம். அதற்கும் இணங்காத பகுதி வெட்டி அகற்றப்பட்டுப் புதுமரம் சாய்வாக இணைக்கப்படுகிறது. ஒட்டும்போது எடையைக் கணக்கிடுவது இன்றியமையாதது, ஏனெனில் வால் சமநிலைப்புள்ளிக்குத் தொலைவில் இருப்பதால், அங்கே கூடிய சில கிராமுக்கு ஈடாக மூக்கில் அதனினும் பன்மடங்கு ஈயம் சேர்க்க நேரிடும்.

புதுமரம் என்பது பால்சா. கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ வரையே எடையுள்ள இம்மரத்தில் உலகச் சந்தைக்கு வரும் பெரும்பகுதி ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளின் உட்பகுதிக்கும் பால்சாவே பயன்பட்டதால், 2019, 2020 ஆண்டுகளில் தேவை பெருகி விலை கடுமையாக ஏறியது. தோட்டமரம் போதாமல், பஸ்தாசா மாகாணத்தின் ஆற்றங்கரைக் காடுகளிலும் பழங்குடி மக்களின் நிலங்களிலும் மரம் வெட்டப்பட்டது. அந்த ஏற்றம் காட்டில் கோடரி பிடித்தவர் கைக்குச் சென்றிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். சென்றதோ ஆற்றுத்துறையிலும் அறுவை ஆலையிலும் காத்திருந்த தரகர்களிடம். வெட்டியவருக்கு அற்பக்கூலி, நிலத்துக்கு உரியவருக்கு வெறும் அடிக்கட்டைகள். ஒரு விலாவுக்கான பலகையைத் தட்டுப்பாட்டு விலை கொடுத்து வாங்கிய முதியவரும், மரத்தை இழந்த அந்தக் கிராமத்தாரும் ஒரே கையாலேயே சுரண்டப்பட்டவர்கள். காற்றாலைத் தொழில் செயற்கை நுரைக்கு மாறத் தொடங்கியபின் தேவை தணிந்தது. வெட்டுண்ட காடு தணிந்த விலையால் திரும்பிவிடாது.

வண்ணப்பூச்சு அவரவர் விருப்பம். அதற்குமுன் எஞ்சின், இறக்கை, வால் மூன்றும் ஒரே நேரில் உள்ளனவா என்று நூல்பிடித்துப் பார்க்கப்படுகிறது. முறுக்கு விழுந்து மடங்கிய கம்பி எவ்வளவு நேராக நீவப்பட்டாலும் கழிக்கப்படுகிறது. இறுதியாகக் களத்தில், ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் கைப்பிடியைத் தராசுக் கொக்கியில் மாட்டி, விமானத்தின் எடையைப் போல் பத்து மடங்கு விசையோடு இழுக்கிறார்கள். ஒட்டிய இடங்களும் உள்ளேயிருக்கும் பெல்கிராங்க்கும் அந்த இழுப்பில் ஓசையின்றி நின்றால், எஞ்சின் முடுக்கப்பட்டு, முதற்பறப்பு முழுவதும் கரணம் எதுவுமின்றி மட்டமான சுற்றுகளாகவே பறக்கவிடப்படுகிறது.