ஈரத்தில் ஒரு நீலம், காய்ந்தால் ஒரு நீலம்

மேல்சித்தாமூருக்கு வருகிறவர்கள் நேரே பார்சுவநாதர் கோயிலுக்கும் மடத்துக்கும் போய்விடுவார்கள். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிற ஊர், வேறெங்கே போவார்கள்? நான் போனது ஒரு சுவரைப் பார்க்க. முற்றம் வைத்த பழைய செங்கல் வீடு ஒன்றில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. கூடத்துக்கு வெளிர்நீலம் வேண்டும் என்பது வீட்டுக்கார அம்மாவின் விருப்பம்.

மேஸ்திரியும் அவருடைய கையாளும் முந்தைய நாளே சுண்ணாம்பைத் தாளித்திருந்தார்கள். சுட்ட கல்லில் தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொங்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஆறிய சுண்ணாம்புப் பாலைத் துணியில் வடிகட்டி, கஞ்சியும் உப்பும் கலக்கிறார்கள். இவை இல்லாவிட்டால் சுவரில் சாய்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளைதான். நீலம்? வேட்டிக்குப் போடும் அதே தூள். அதைச் சிறு துணியில் முடிந்து, வாளிக்குள் பிழிந்து பிழிந்து இறக்குகிறார் மேஸ்திரி. அப்படியே கொட்டினால் சுவரில் கோடுகோடாக இழுக்கும்.

இந்தத் தூளின் கதை பெரியது. ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளில் கிடைத்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்துத்தான் ஒருகாலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் இந்த நிறத்தைப் பெற்றார்கள்; தங்கத்துக்கு நிகரான விலை. செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று 1824இல் பிரான்சில் அறிவித்தார்கள். 1828இல் அதைப் பிரெஞ்சு வேதியியலாளர் கிமே வென்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டால் நீலம். சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது, புளிப்புதான் எதிரி. பிரஷ்யன் நீலம் என்ற இன்னொரு நிறமியோ நேர்மாறு. சுண்ணாம்பில் விழுந்தால் நிறம் கெட்டுவிடும். திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் நீலம் துணிச் சாயத்துக்குப் போகிறது. இந்த வாளிக்கு வருவதில்லை.

சுவரை முதலில் தண்ணீரால் நனைக்கிறார்கள். வறண்ட செங்கல் பாலின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு கெட்டியாகாமல் மாவாக உதிரும். ஈரம் இருக்கும்போதே அது காற்றின் கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக வேண்டும்.

வெள்ளையடிக்கும் மட்டையால் இரண்டு இழுப்பு இழுத்ததும் சுவர் பளீரென்று நீலமாகிவிட்டது. அம்மா பதறிப்போனார்.

“என்னப்பா, இவ்வளவு அடர்த்தியா இருக்கு?”

“காய்ஞ்சதும் பாருங்கம்மா.”

ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி. அடியில் இருக்கும் நிறத்தைக் காட்டிவிடும். காயக் காயத்தான் வெள்ளை மேலேறி நீலம் பின்வாங்கும். அதனால் மேஸ்திரி காலையிலேயே ஓர் ஓட்டுத்துண்டில் தடவி வெயிலில் வைத்துப் பார்த்திருந்தார். கூடம் முழுவதுக்கும் ஒரே கலவை. மறுநாள் புதிதாகக் கலந்தால் அதே நீலம் வராது. முற்றத்து வெளிச்சம் எட்டாத உள்ளறைக்கு அவர் நீலம் தர மறுத்துவிட்டார். அங்கே அது சாம்பலாகத் தெரியும் என்கிறார். சரியான கணிப்பு.

பழைய சுவர்களில் எமல்ஷன் பூசுவது எனக்கு உடன்பாடில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் அதை அடைத்து வைக்கும், பிறகு உப்புப் பூத்து செதில் செதிலாக உரியும். ஆனால் இந்த வீட்டு முன்னறை பின்னால் எழுப்பிய சிமெண்டுச் சுவர். அதற்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன்தான். கூடத்து நீலத்துக்குப் பொருந்தும் நிறத்தின் எண்ணைத் தேடி மருமகள் வண்ண அட்டையுடன் ஈரச் சுவரருகே நிற்கிறார். “இன்னைக்குப் பார்த்து வாங்கிடாதீங்க, நாளைக்குப் பாருங்க” என்கிறார் மேஸ்திரி.