அப்பாயியின் பரங்கிக்காய்

அப்பாயி செத்த பிறகு, அவள் வேலிக்கொடியில் கடைசியாய்ப் பழுத்த பரங்கிக்காயை அம்மா கொடுத்துவிட்டாள். ரிலீஸ், நைட் கால் என்று ஓடியதில் சென்னை ஃபிளாட் பால்கனியிலேயே கிடந்தது. ஒருநாள் தூக்கினால், விரல் உள்ளே இறங்கியது. ஒரே நாத்தம்.

போன் போட்டேன். "தூக்கி எறிஞ்சிடாதடா, வெதைய எடு. கொடியையும் புடுங்கியாச்சு, இங்க ஒண்ணுகூட இல்ல."

அந்தக் கொழகொழப்பில் கைவிட்டேன். பாதி உள்ளேயே முளைவிட்டிருந்தன; அவற்றைக் காயவைத்துப் பயனில்லை. தண்ணீரில் மிதந்தால் பொக்கு என்பார்கள். பரங்கியில் நல்ல விதையும் மிதக்கும். அதனால் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். சப்பை, கருத்தது போக 41 தேறின. வழுவழுப்பு போகத் தேய்த்துக் கழுவி, நிழலில் பரப்பினேன். நன்றாகக் காய்ந்த விதை மடக்கினால் வளையாது, படக்கென்று உடையும். அதற்காக ஒன்றை உடைக்க மனசு வரவில்லை. கூடுதலாக ஒரு வாரம் காயவிட்டேன்.

பக்கத்து வேலிப் பூவின் மகரந்தத்தையும் தேனீ கொண்டுவந்திருக்கலாம். இது அப்பாயியின் காய்தானா என்பது காய்த்தால்தான் தெரியும்.

நாற்பதை ஊருக்கு அனுப்பினேன். ஒன்று பர்சில் இருக்கிறது. முளைவிட்டதில் அழுகாத மூன்றை அன்றைக்கே பெயிண்ட் டப்பா மண்ணில் புதைத்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.