கெட்ட செய்தி உங்களிடம் வருகிறதா?

"என் டீமில் பிரச்சினையே இல்லை" என்று ஒரு மேனேஜர் சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும். பிரச்சினை இல்லாத டீம் கிடையாது. அவர் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர். நல்ல டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நன்றாக இயங்கிய டீம்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் நடந்ததை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். மற்ற இடங்களில் பயம் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'உளவியல் பாதுகாப்பு', அதாவது டீமில் பயமின்றிப் பேச முடிகிற சூழல், நிர்வாகப் பாடமாகவே ஆகிவிட்டது.

இந்தப் பயமின்மைக்கு டொயோட்டா ஆலை ஓர் உதாரணம். அங்கே கோளாறைப் பார்க்கும் தொழிலாளி, உதவி கேட்கும் 'ஆண்டான்' எச்சரிக்கையை இயக்கலாம். டீம் லீடர் உடனே வருவார், திட்டுவதற்கு அல்ல, சேர்ந்து சரிசெய்ய.

நம் அலுவலகத்துக்கு வருவோம். "சார், நேத்து போன பில்லுல வரி தப்பா இருக்கு" என்று ஒரு ஜூனியர் வந்து நிற்கிறார். "யார் பண்ணது?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், அடுத்த முறை அவர் வரமாட்டார். "உடனே சொன்னது நல்லதாப் போச்சும்மா. எத்தனை பேருக்குப் போயிருக்கு?" என்று கேளுங்கள். வேலை அங்கேயே தொடங்கிவிடும்.

இது தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல. காரணத்தைத் தேடுங்கள், திருத்துங்கள், பொறுப்பையும் கேளுங்கள். ஆனால் சொல்ல வந்தவரைத் தண்டிக்காதீர்கள்.

புதிதாக மேனேஜர் ஆகியிருக்கும் தம்பி தங்கைகளே, கெட்ட செய்தி கேட்டதும் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தில் கவனமாக இருங்கள். உங்கள் டீம் உங்களை எடைபோடுவது அதை வைத்துத்தான்.