ஒன்பது கட்டங்கள்

கணித வீட்டுப்பாடங்களில் சில, பார்ப்பதற்கு மிக எளிதாகத் தோன்றும். ஆனால், மாலைப்பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்ளும். தொடக்கநிலை நான்கில் பயிலும் என் மகன் கொண்டுவந்த எண் புதிர் அத்தகையது.

பயிற்சித்தாளில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் இருந்தன. 1 முதல் 9 வரையுள்ள எண்களை, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி, அவற்றை நிரப்ப வேண்டும். இடமிருந்து வலமாகவோ, மேலிருந்து கீழாகவோ, மூலைக்கு மூலையாகவோ எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும். இதனை 'மாயச் சதுரம்' என்பார்கள். கீழே, 'உன் விடையை விளக்குக' என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது.

அவன் அரைமணி நேரமாக எண்களை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான். அழித்து அழித்துத் தாளில் ஓரிடம் கிழிந்தே போனது. "எனக்குக் கணக்கே வராது, அம்மா. கைப்பேசியில் விடையைப் பார்த்து எழுதிவிடட்டுமா?" என்று கேட்டான்.

'கணக்கே வராது' என்பதைச் சில மாதங்களாகவே அவன் அடிக்கடி சொல்லி வந்தான். பார்த்து எழுதினால் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். ஆனால், அந்த எண்ணம் அவன் மனத்தில் மேலும் வேரூன்றிவிடும். எனவே, அவன் அருகில் அமர்ந்தேன்.

"கட்டங்களைச் சற்று மறந்துவிடு. ஒன்பது எண்களையும் கூட்டினால் எவ்வளவு?" என்றேன்.

"45" என்றவன், சிறிது நேரத்தில் தானாகவே, "மூன்று வரிசைகளும் சமம் என்றால், ஒரு வரிசைக்கு 15!" என்றான்.

அடுத்து, நடுக்கட்டத்தின் வழியாக எத்தனை கோடுகள் செல்கின்றன என்று கேட்டேன். பென்சிலால் வரைந்து பார்த்தான், நான்கு. நான்கு கோடுகளின் மொத்தம் 60. ஆனால், எல்லா எண்களையும் ஒருமுறை கூட்டினால் 45தான். மிகுதியான 15 எங்கிருந்து வந்தது? நடு எண் நான்கு கோடுகளிலும் இருப்பதால், அதை மட்டும் மூன்று முறை கூடுதலாகக் கூட்டியிருக்கிறோம். ஆகவே, நடு எண் 5.

பிறகு, அவன் 1ஐ ஒரு மூலையில் வைத்தான். மூலைக் கட்டத்தின் வழியாக மூன்று கோடுகள் செல்கின்றன. அப்படியானால், 14 வரும்படி மூன்று இணைகள் தேவை. 5உம் 9உம், 6உம் 8உம் என எழுதியவன், மூன்றாவது இணையைத் தேடினான். திடீரென்று நிமிர்ந்து, "மூன்றாவது இணையே இல்லை! 1 மூலையில் இருக்கவே முடியாது, அம்மா!" என்று கூவினான்.

ஒன்று முடியாது என்பதைக் கண்டுபிடித்ததற்காக அவன் அவ்வளவு மகிழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அதன் பின்னர் வேலை எளிதாயிற்று. மேல்வரிசையின் நடுவில் 1, அதற்கு நேர்கீழே 9. 1இன் இருபுறமும் 8, 6. மற்ற எண்கள் தாமாகவே இடம்பிடித்தன: முதல் வரிசை 8, 1, 6, இரண்டாம் வரிசை 3, 5, 7, மூன்றாம் வரிசை 4, 9, 2. தாளைத் திருப்பிப் பார்த்தாலும் கண்ணாடியில் பார்த்தாலும் இதே சதுரம்தான் வேறு வடிவங்களில் தெரியும். அவ்வாறு எட்டு வடிவங்கள் உண்டு. அவற்றைத் தவிர வேறு விடையே கிடையாது.

இப்புதிர் பழங்காலச் சீனாவிலேயே அறியப்பட்டிருந்தது. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனின் குறிப்பேடுகளில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்களைப் பற்றியதுதான். இதைச் சொன்னபோது என் மகன், "அவரும் அழித்து அழித்து எழுதியிருப்பாரா?" என்று கேட்டான்.

மறுநாள் மாலை, யாரும் சொல்லாமலே அவன் பதினாறு கட்டங்களை வரைந்துகொண்டிருந்தான். "1 முதல் 16 வரை கூட்டினால் 136. ஒரு வரிசைக்கு 34. இதுவரை கண்டுபிடித்துவிட்டேன். மீதியைச் சொல்லிவிடாதீர்கள், அம்மா!" என்றான்.