ஸ்பிரிங் கெட்டியா இருக்கணுமா, மெத்துனு இருக்கணுமா?

1930-களின் பிற்பகுதி. பிரான்சின் சித்ரோஎன் நிறுவனத்தை நடத்திய பியர் பூலான்ஜே தன் பொறியாளர்களிடம் ஒரு வினோதமான கார் கேட்டார். இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது! அப்படிப் பிறந்து 1948-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது 2சிவி. ஸ்பிரிங் அவ்வளவு மெத்து. திருப்பத்தில் படகு மாதிரி சாயும். ஆனால் டயர் தரையை விடாது.

இதற்கு நேர் எதிர் 2022-ன் ஃபார்முலா 1 கார்கள். அடிப்பகுதியில் ஓடும் காற்றே காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும். அதற்கு உயரம் மாறவே கூடாது, எனவே ஸ்பிரிங் கல் மாதிரி. பாகு பந்தயம் முடிந்ததும் லூயிஸ் ஹாமில்டன் முதுகு வலியோடு தட்டுத்தடுமாறித்தான் காரை விட்டு இறங்கினார்.

கொஞ்சம் கணக்கு. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங், சுமார் 150 மி.மீ. அமுங்கி நிற்கும். 40 நியூட்டன் கேட்பது 75 மி.மீ.தான். கார் மேலும் கீழும் ஆடும் வேகமும் நொடிக்கு 1.3 தடவையிலிருந்து 1.8 ஆகிவிடும். குடும்பத்தோடு பள்ளம் மேடான சாலையில் போகிறவருக்கு முதல் வகை. வழவழப்பான பந்தயத் தடத்தில் வளைந்து வளைந்து ஓட்டுகிறவருக்கு இரண்டாவது.

கெட்டியாக இருந்தால் பிடிப்பு கூடும் என்று பலர் நினைப்பதுதான் வம்பு. குண்டும் குழியுமான சாலையில் கெட்டி ஸ்பிரிங் சக்கரத்தைத் துள்ள வைக்கும். தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. முன்பக்கம் மட்டும் கெட்டியானால் கார் திரும்ப அடம் பிடிக்கும். பின்பக்கம் மட்டும் கெட்டியானால் வால் வழுக்கும்.

இதைவிட மோசம், காசு மிச்சம் என்று ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துவது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு அளந்தது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் செய்யலாம். மிச்சம் பிடித்தது சில ஆயிரம், பணயம் வைத்தது பின்சீட்டில் தூங்கும் குழந்தையை!

எல்லாம் வரவு செலவு மாதிரிதான். ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறையும். ஸ்பிரிங் வாங்கப் போகிறவர் தன் ஆசையைக் கேட்பதற்கு முன்னால், தினமும் போகும் சாலையைக் கேட்பது நல்லது.