பெயர் ஒன்று, வேர்ட் இரண்டு

‘வேர்ட்’ என்றால் எந்தக் கணினியிலும் வேர்ட்தானே என்று எண்ணுபவர்கள் அநேகர். விண்டோஸ் கணினியில் இருப்பதும் அப்பிளின் மக்கின்டொஷ் கணினியில் இருப்பதும் வெவ்வேறாக வளர்ந்தவை. 1983இல் டொஸ் இயங்குதளத்தில் அறிமுகமான வேர்ட், 1985இல் மக்கின்டொஷுக்கு வந்தது. விண்டோஸுக்கு வந்தது 1989இல்தான் என்பது இன்றைய இளைஞர்களுக்கு வியப்பளிக்கலாம்.

இரண்டையும் ஒன்றாக்க மைக்ரோசொப்ட் முயன்றதுண்டு. விண்டோஸ் பதிப்பின் நிரல்களைக் கொண்டே அமைக்கப்பட்ட மக்கின்டொஷ் 6.0 பதிப்பு 1994இல் வெளிவந்தது. அது மந்தமாக இயங்கியது. மக்கின்டொஷில் பழகியவர்களுக்கு அந்நியமாகவும் தோன்றியது. பலர் பழைய 5.1 பதிப்பை விட்டு அசையவில்லை.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இவை சில்லறைத் தொல்லைகள். தமிழிலோ எழுத்தே இடம்மாறியது. விண்டோஸ் 2000 காலந்தொட்டு யுனிகோட் தமிழ் வேர்டில் ஒழுங்காகத் தெரிந்தது. அப்பிளும் 2005இல் வெளியிட்ட டைகர் இயங்குதளத்தில் இணைமதி எழுத்துருவைச் சேர்த்திருந்தது. அதனுடன் இலவசமாக வந்த டெக்ஸ்ட்எடிட்டில் தமிழ் சரியாகத் தெரியும். பணம் கொடுத்து வாங்கிய வேர்டில் தெரியாது! 2011 பதிப்பு வரை இதே கதிதான்.

‘பெயர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யுனிகோட் முறையில் முதலில் பகரமும் அதன் பின்னர் கொம்பும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் கடமை. அக்கடமை நிறைவேறாதபோது திரையில் ‘பயெர்’ என்று தெரியும். கோப்பில் பிழையில்லை, காட்சியில்தான் பிழை. இதனை அறியாத ஒப்புநோக்குநர் திரையைப் பார்த்துத் திருத்தினால், சரியாக இருந்த கோப்பு அப்போதுதான் கெடும். பத்திரிகைக்காரன் என்ற வகையில், வேர்டின் இரு வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடுகளுள் ஆபத்தானது இதுவே என்பேன். மெனு இடம்மாறியிருந்தால் தேடிப் பிடிக்கலாம். ஒருவரின் பெயர் பிழையாக அச்சேறினால் மறுநாள் திருத்தம் போடவேண்டும்.

2015இல் வெளியான 2016 பதிப்பில் இக்குறை நீங்கியது. எழுத்துருச் சிக்கல் மட்டும் இன்னும் உண்டு. அனுப்புபவர் பயன்படுத்திய எழுத்துரு பெறுபவரின் கணினியில் இல்லாவிடில் வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கும். வரிகள் நீளும், பக்கங்கள் மாறும். ஆகவே எனக்குக் கட்டுரை அனுப்பும் நண்பர்களிடம் வேர்ட் கோப்புடன் ஒரு பிடிஎவ் பிரதியையும் கேட்டு வாங்குகிறேன். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தப் பிரதியைத்தான்.