எங்களைப் பாட வைத்த பாடல்கள்

கடந்த ஆண்டு எங்கள் பாடற்குழுவில் ஒரு குரல் குறைந்தது. தாயை இழந்த எங்கள் தோழி, "இனி நான் பாடமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டாள். ஆறுதல் சொல்ல எங்களுக்கு வயதும் போதவில்லை, வார்த்தையும் போதவில்லை. ஆகவே சனிக்கிழமை மாலைகளில் அவள் வீட்டுக்குச் சென்று, அவளோடு அமர்ந்து பாட்டுக் கேட்டோம். அவளுடைய அண்ணன் சேர்த்து வைத்திருந்தவை அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ், சோல் பாடல்கள்.

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலைக் கேட்டு முதலில் சிரித்தோம். 1967-இல் அவர் பதிவு செய்த 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாடலை நான்காம் முறை கேட்டபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

பின்னர் அரீத்தா ஃபிராங்க்ளினைக் கேட்டோம். சோல் இசை கோவில் பாட்டிலிருந்து கிளைத்தது என்பது அவரைக் கேட்டால் விளங்கும். பாப்திஸ்து சபைப் போதகரின் மகளான அவர், பத்து வயது நிரம்புமுன்பே தாயை இழந்தவர். புகழின் உச்சியில் இருந்தபோது, 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஆலயமொன்றில் இரண்டு இரவுகள் ஞானப்பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். 'அமேசிங் கிரேஸ்' என்னும் அந்த இசைத்தட்டைக் கேட்டபோது எங்கள் தோழி அழுதாள். அடக்கத்திற்குப் பின் அவள் அழுதது அன்றுதான். அடுப்படியிலிருந்து வந்த பாட்டியும் மொழி புரியாமலே உட்கார்ந்து கேட்டார்.

எங்கள் அனைவருக்கும் மிகவும் பிடித்தவர் மேரி லூ வில்லியம்ஸ். ஜாஸ் பியானோ கலைஞரான அவர், 1954-இல் பாரிஸ் நகரில் திடீரென வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். செபத்திலும், நலிந்த கலைஞர்களுக்கு உதவுவதிலும் நாட்களைக் கழித்தார். 1957-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். குருக்களும் நண்பர்களும் வற்புறுத்தவே, அதே ஆண்டு மேடைக்குத் திரும்பினார். புனித மார்ட்டின் தெ போரஸைப் போற்றி இசை இயற்றினார். பிட்ஸ்பர்க் நகரின் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் மாணவியருக்கு ஜாஸ் கற்பித்தார். அவர் இசையமைத்த திருப்பலிப் பாடல்கள் 1975-இல் நியூயார்க் புனித பத்திரிக் பேராலயத்தில் ஒலித்தன.

"மூன்று வருஷம் கழித்துக்கூடவா திரும்பி வந்தார்கள்?" என்று தோழி கேட்டாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகைக்கு அவள் தானாகவே வந்து, தன் பழைய இடத்தில் நின்றாள். குரல் நடுங்கியது; ஆயினும் கடைசி அடி வரை பாடினாள். துயரம் தீர்ந்த பிறகுதான் பாட வேண்டும் என்பதில்லை, துயரத்தோடும் பாடலாம் என்பதை இப்பாடல்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தன.

பாடற்குழு மாணவியர்,
பதினோராம் வகுப்பு